நீலநாக்கு அரணைக்கு 15 செ.மீ. ஆழ மண்: கூண்டுக்குள் வைக்க ட்ரே செய்வது எப்படி?

கறுவாப்பட்டை (ஸ்கார்பரோ):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு வயது நீலநாக்கு அரணை ஒன்று இருக்கிறது, வடக்கு ஆஸ்திரேலிய வகை, இங்கேயே வளர்ப்பில் பிறந்தது. 4×2×2 அடி பிவிசி கூண்டு, முன்னால் இழுத்துத் திறக்கிற கண்ணாடிக் கதவு. இவ்வளவு நாளும் மரச்சீவல் போட்டு வைத்திருந்தேன். இந்தக் குளிர்காலம் பேஸ்மென்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் ஈரப்பதம் 22 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, இரண்டு தரம் தோல் உரிக்கும்போது விரல் நுனியில் பழைய தோல் ஒட்டிக்கொண்டது. அதனால் உயிர்மண் முறைக்கு மாறலாம் என்று முடிவு. செடியோடு ஐசோபாட், ஸ்பிரிங்டெயில் என்ற குட்டி மண்பூச்சிகளும் உள்ளே இருக்கும், எச்சத்தை அந்தப் பூச்சிகளே தின்று மண்ணாக்கும்.

சிக்கல் என்னவென்றால் கூண்டின் முன்விளிம்பு 9 செ.மீ. உயரம்தான். எனக்கு 15 செ.மீ. மண் வேண்டும், இவன் முழு உடம்பையும் புதைத்துக்கொண்டு படுக்கிறவன். அதோடு கூண்டின் பலகைகள் பூட்டுத் திருகில் நிற்பவை, மூலைகளில் தண்ணீர் கசியக்கூடும். ஆகவே உள்ளே ஒரு ட்ரே செய்து இறக்கி அதற்குள் மண் கொட்டலாம் என்று நினைக்கிறேன். 3 மி.மீ. அக்ரிலிக், 118 × 58 செ.மீ., சுவர் 17 செ.மீ., மூலைகளைச் சிலிக்கோனால் ஒட்டுவது. சரிவருமா?

(அம்மா இன்னும் அந்த அறைக்குள் வருவதில்லை. அரணை கடித்தால் மரணம் என்று யாழ்ப்பாணத்தில் கேட்டது நாற்பது வருடம் கழித்தும் போகவில்லை. இது ஸ்ட்ரோபெரி தின்னும் பிராணி என்று காட்டியும் பார்த்துவிட்டேன்.)

லண்டன்_ஓணான்:

தம்பி, இரண்டு இடத்தில் பிழை.

முதலாவது சிலிக்கோன். கண்ணாடியைப் பிடிப்பது மாதிரி அது அக்ரிலிக்கைப் பிடிக்காது. கொஞ்ச நாள் நிற்கும், பேந்து நகத்தால் கிளப்பினால் நாடா மாதிரி உரிந்து வரும். அக்ரிலிக் என்றால் அதைக் கரைத்து ஒன்றாக்கும் திரவம் இருக்கிறது, ஊசிக்குழாயால் மூட்டில் ஓட விடவேண்டும், ஜன்னல் திறந்து வைத்து.

இரண்டாவது 3 மி.மீ. அவ்வளவு நீளச் சுவர் மண் தள்ளத் தள்ள வயிறு மாதிரிப் புடைக்கும். போதாததற்கு அக்ரிலிக் ஈரம் உறிஞ்சும்: உள்பக்கம் நனைந்தும் வெளிப்பக்கம் காய்ந்தும் இருந்தால் தகடு தானாகவே வளையும். மீன்தொட்டிக்கு அக்ரிலிக் மூடி போட்ட எல்லோருக்கும் இது தெரியும். குறைந்தது 6 மி.மீ. எடுங்கள், மேல்விளிம்பு சுற்றிவர ஒரு எல் வடிவப் பட்டியும் ஒட்டுங்கள்.

எடையைக் கணக்குப் பார்த்தீர்களா? 118 × 58 × 15 என்றால் கிட்டத்தட்ட 103 லிட்டர். ஈரமான மேல்மண்ணும் மணலும் கலந்தால் லிட்டருக்கு 1.4 கிலோ என்று வையுங்கள், 144 கிலோ வரும். ஸ்டாண்ட் தாங்குமா?

கறுவாப்பட்டை:

எடையை யோசிக்கவே இல்லை அண்ணா. கூண்டு கீழ்த்தட்டில், கொங்கிரீட் தரைக்கு ஒரு சாண் மேலே, நாலு பக்கமும் இரும்புக்கால். தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். மேல்தட்டில் இன்னொரு கூண்டு, சோளப்பாம்பு.

பொள்ளாச்சிக்காரன்:

நான் பல்லி பாம்பெல்லாம் வளர்ப்பதில்லைங்க, ஆர்க்கிட் பக்கம்தான் வந்தேன். ஆனால் தொழில் தென்னை நார்க்கழிவு, அதனால் எடை விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மண்ணையும் மணலையும் மட்டும் போட வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு நார்க்கழிவு சேருங்க. எடை நன்றாகக் குறையும், தண்ணீரையும் பிடித்து வைக்கும். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 65, 70 லிட்டர் வரைக்கும் உப்பி வரும்.

கழுவினதா என்று கேட்டு வாங்குங்க, இதுதான் முக்கியம். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு, சோடியமும் பொட்டாசியமும். மட்டையை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம். கழுவாததைப் போட்டால் செடி நுனி கருகும், உங்கள் பூச்சிகள் என்ன ஆகும் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். ஏற்றுமதிக்குப் போகிற சரக்கில் "லோ ஈசி" (உப்பு குறைவு என்று அர்த்தம்) என்று போட்டிருக்கும், அதைப் பாருங்க. சந்தேகமாக இருந்தால் பக்கெட்டில் ஊறவைத்து மூன்று தரம் தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிடுங்க, போதும்.

இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று. உடும்பு, நட்சத்திர ஆமை மாதிரி நம்ம ஊர் உயிர்களை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம் என்றாலும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாக வேண்டும். யாரோ விற்கிறார்கள் என்று வாங்கிவிட்டு அப்புறம் அவஸ்தைப்படாதீங்க.

கிள்ளான்வாசி:

அண்ணே, அக்ரிலிக்குக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி நெளிப் பிளாஸ்டிக் அட்டையைப் பாருங்க. தேர்தல் நேரத்தில் கம்பத்தில் கட்டுவாங்களே, அந்த அட்டை. என்னுடைய பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக் கூண்டுக்கு அதில்தான் செய்தேன், ஒரே தகடு, பலகாரக் கடை அட்டைப்பெட்டி மாதிரி நாலு பக்கமும் மடித்து, மூலையில் மிஞ்சுகிற முக்கோணத்தை வெட்டாமல் வெளியே மடக்கி ரிவெட் அடித்தேன். மூட்டே கிடையாது, மூட்டு இல்லாவிட்டால் கசிவும் இல்லை. மூணு வருசம் ஆச்சு.

ஒரு எச்சரிக்கை: அது பாலிபுரோப்பிலின், எந்தப் பசையும் பிடிக்காது, சிலிக்கோன் சுத்தமாக வேலைக்காகாது. அப்புறம் விளிம்பில் அந்தக் குழாய் குழாயாக ஓட்டை தெரியும் பாருங்க, அதற்குள் தண்ணீர் போனால் வெளியே வராது, நாற ஆரம்பிக்கும். விளிம்பை மேல்பக்கமாகவே வைக்கணும், டேப் ஒட்டி மூடணும்.

மண்புழு:

ட்ரே எதில் செய்தாலும் சரி, அடியில் சுட்ட களிமண் உருண்டையும் அதன்மேல் வலையும் போட்டு "வடிகால் அடுக்கு" என்று யாரும் சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். அது வடிகாலே இல்லை. பொடி மண்ணுக்குக் கீழே பெரிய உருண்டை இருந்தால், மேலே உள்ள மண் தெப்பமாக நனையும் வரை ஒரு சொட்டும் கீழே இறங்காது. நம்பாவிட்டால் ஒரு ஸ்பாஞ்சை நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள், சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள், பிறகு அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் வடியும். அந்த ஈரப்பட்டை எப்போதும் மண்ணின் அடிப்பகுதியில் ஒரே தடிமனில்தான் நிற்கும், உருண்டை போட்டால் அந்தப் பட்டை அப்படியே மேலே ஏறுகிறது, உங்களுக்கு 4 செ.மீ. மண் நஷ்டம், அவ்வளவுதான். அரை வறட்சிப் பகுதிப் பிராணிக்கு அது தேவையே இல்லை, முழு ஆழத்துக்கும் மண் போடுங்கள்.

லண்டன்_ஓணான்:

இயற்பியல் சரி, ஆனால் யாரும் அதை அதற்காக மட்டும் போடுவதில்லை. அது ஒரு காப்பு. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்க்கிற பிராணி இது, ஒருநாள் இரண்டு லிட்டர் ஒரேயடியாகக் கொட்டினால் அது எங்கே போகும்? கீழே வெற்றிடம் இருந்தால் அங்கே தங்கும், குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். இல்லாவிட்டால் அடி மண் அழுகி முட்டை நாற்றம் அடிக்கும், எனக்கு அடித்திருக்கிறது.

மண்புழு:

100 லிட்டர் மண்ணில் 2 லிட்டர் தண்ணீரா? குடித்துவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்கும். உங்களுக்கு அழுகினது தினமும் தெளித்ததால் இருக்கும்.

லண்டன்_ஓணான்:

வாரத்துக்கு ஒருதரம்தான் தெளித்தேன், ஆனால் ஒரு குடம். சரி விடுங்கள்.

கறுவாப்பட்டை:

நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்து முடிப்பதற்குள் நான் ட்ரேயைச் செய்துவிட்டேன். 6 மி.மீ. அக்ரிலிக், கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கினேன், ஓணான் அண்ணா சொன்ன கரைசலால் ஒட்டினேன், விளிம்புக்குப் பட்டியும் வைத்தேன். குளியல் தொட்டிக்குள் வைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு விட்டேன், ஒரு சொட்டும் கசியவில்லை. வாழ்க்கையில் நான் செய்த பொருட்களில் இவ்வளவு வடிவாக எதுவும் வந்ததில்லை.

கூண்டுக்குள் போகவில்லை.

உள்ளளவை மட்டும்தான் அளந்தேன், 119.5 செ.மீ., ஆகவே 118 சரி என்று நினைத்தேன். ஆனால் முன்னால் கண்ணாடி ஓடுகிற சட்டம் இரண்டு பக்கமும் உள்ளே வருகிறது, வாசல் அகலம் 112 செ.மீ.தான். சாய்த்துப் பார்த்தேன், கோணல் மாணலாகத் திருப்பிப் பார்த்தேன். செங்குத்தாக நுழைக்கலாமென்றால் வாசல் உயரம் 45, ட்ரே அகலம் 58. மனைவி ஒரு மணி நேரம் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதை அளந்துதானே செய்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

கிள்ளான்வாசி:

அண்ணே சிரிச்சதுக்கு மன்னிச்சிடுங்க 😂 மேல் பலகையைக் கழற்றி மேலே இருந்து இறக்க முடியாதா?

கறுவாப்பட்டை:

மேலே சோளப்பாம்புக் கூண்டு இருக்கிறது. அதைத் தூக்கி வைத்தாலும், வாங்கின புதிதில் நானே உள்மூலைகள் எல்லாவற்றுக்கும் சிலிக்கோன் அடித்துவிட்டேன், பலகையைக் கழற்றினால் கூண்டே சிதையும்.

கிள்ளான்வாசி:

அப்ப இரண்டாகச் செய்யுங்க. ஒரே ட்ரே ஏன்? இரண்டு அரை ட்ரே பக்கத்துப் பக்கத்தில். ஒன்று ஈரப் பக்கம், ஒன்று காய்ந்த பக்கம், இரண்டிலும் வேற வேற கலவை. ஒரே ட்ரேயில் ஒரு மூலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அது மெதுவாக எல்லாப் பக்கமும் பரவிடும். நடுவில் சுவர் இருந்தால் பரவாது. அந்த இரண்டு பேர் சண்டையும் தீர்ந்திடும், ஈரப் பக்கத்துக்கு மட்டும் களிமண் உருண்டை போட்டுக்கலாம்.

மண்புழு:

இதை ஒப்புக்கொள்கிறேன், நல்ல யோசனை. உருண்டையைத் தவிர.

கறுவாப்பட்டை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கிள்ளான்வாசி, உங்களுக்கு ஒரு தேத்தண்ணி கடன்.

பழைய ட்ரேயை ஆர்க்கிட் வளர்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். புதிதுக்கு அக்ரிலிக் வேண்டாமென்று 6 மி.மீ. நுரை பிவிசி தகடு எடுத்தேன், பெயர்ப்பலகை செய்கிறவர்கள் பாவிக்கிற கறுப்புத் தகடு. கத்தியாலேயே கீறி உடைக்கலாம், ஈரத்துக்கு வளைவதில்லை, தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற பிவிசி பசை நன்றாகப் பிடிக்கிறது. ஒவ்வொன்றும் வெளியளவில் 59 × 58, உயரம் 17. வாசலுக்குள் தட்டையாகவே நுழைந்தது. இரண்டும் சேர்ந்து 118, மிச்சம் ஒன்றரை செ.மீ. இடைவெளியை ஒரு பக்கச் சுவரோடு விட்டேன், மின்வயரும் ஈரமானியின் வயரும் அதால் போகின்றன.

மூலைகளை முதலில் பிவிசி பசையால் ஒட்டி, வெளியே கோணப் பட்டி வைத்து, உள்மூட்டுகளில் சிலிக்கோனை விரலால் வழித்துவிட்டேன். பூஞ்சணம் பிடிக்காத மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கோன் வேண்டாம், அந்த மருந்து ஐசோபாட்டையும் விடாது. மீன்தொட்டிக்கு என்று விற்பதை வாங்குங்கள். வினாகிரி மணம் முழுக்கப் போகும்வரை ஒரு கிழமை விட்டேன். தண்ணீர்ச் சோதனையில் இரண்டாவது ட்ரேயின் ஒரு மூலை கசிந்தது, காயவைத்துத் திரும்ப அடித்தேன். இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள், மண் கொட்டின பிறகு கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் அள்ளவேண்டும்.

இரண்டு ட்ரேக்கும் நடுவில் சுவர் இரண்டும் முட்டுகிற இடத்தில் ஒரு வெடிப்பு வருமே, இவனுடைய குட்டிக் கால்விரல் அதற்குள் சிக்கும் என்று பயந்தேன். வயர் மறைக்கிற யு வடிவப் பிளாஸ்டிக் பட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பாதி வெட்டின தக்கை மரப்பட்டையை வைத்தேன், இப்போது அதுதான் அவன் பாலம்.

மண்: காய்ந்த பக்கம் மேல்மண் பாதி, விளையாட்டு மணல் கால், கழுவின நார்க்கழிவு கால். ஈரப் பக்கம் மணலைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டினேன். மேல்மண் பையில் உரம் கலந்ததா என்று பாருங்கள், பெர்லைட் என்ற வெள்ளைக் குருணை இருந்தாலும் வேண்டாம், இவன் வெள்ளையாக எதைக் கண்டாலும் வாய்வைப்பான். ஈரப் பக்கத்தில் (மன்னிக்கவும் மண்புழு) 3 செ.மீ. உருண்டை, அதன்மேல் கண்ணாடியிழை நுளம்பு வலை, மூலையில் ஒரு பிவிசி குழாய் அடிவரை நிற்கிறது. அதற்குள் ஒரு குச்சி விட்டால் தண்ணீர் நிற்கிறதா என்று தெரியும், நின்றால் ஊசிக்குழாயால் இழுக்கலாம். மேலால் பார்த்தால் மண் அரை நனைவாக இருந்தும் குச்சி இரண்டு தரம் ஈரமாக வந்தது, அப்போதுதான் நான் அளவுக்கு மேலே தெளிக்கிறேன் என்று விளங்கியது. அந்தக் குழாய் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

ஒன்று சொல்லவேண்டும்: இரண்டாகச் செய்தால் தேவைப்படும்போது ஒன்றை மட்டும் வெளியே இழுக்கலாம் என்று நினைத்தேன். முடியாது. ஒவ்வொன்றிலும் 49 லிட்டர் மண், கிட்டத்தட்ட 60 கிலோ. அள்ளித்தான் எடுக்கவேண்டும். ஆனால் ஒரு பக்கத்தை அள்ளும்போது மறுபக்கத்தில் அவனும் பூச்சிகளும் நிம்மதியாக இருக்கலாம்.

புதுசு_2:

நல்ல இழை. ஒரு கேள்வி, அரணை ஐசோபாட்டைத் தின்றுவிடாதா? செடி என்ன வைத்தீர்கள்?

கறுவாப்பட்டை:

தின்னும். பெரிய சாம்பல் நிற வகையை முதலில் போட்டேன், கச்சான் மாதிரிக் கொறித்தான். அதனால் குள்ள வெள்ளை வகையை நிறையப் போட்டேன், அது மண்ணுக்கு மேலே வருவதே அபூர்வம். பெரிய வகையில் கொஞ்சம் தக்கைக்கு அடியில் தப்பிப் பிழைக்கிறது. செடி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஸ்பைடர் செடியும் ஹவோர்தியாவும்தான், சட்டியோடு மண்ணில் புதைத்து சுற்றிவரக் கல் வைத்திருக்கிறேன். சட்டி இல்லாமல் நட்டதை முதல் நாளே புல்டோசர் மாதிரிப் பெயர்த்துவிட்டான்.

லண்டன்_ஓணான்:

தம்பி, மண் உயர்ந்துவிட்டதே, விளக்கைப் பார்த்தீர்களா? தரை 10, 12 செ.மீ. மேலே வந்தால் யூவி குழாய்க்கும் அவன் முதுகுக்கும் உள்ள தூரம் அவ்வளவு குறையும். முன்பு சரியாக இருந்த விளக்கு இப்போது கூடிப்போகும். வெயில் காயும் கல்லின் சூடும் அப்படியே.

கறுவாப்பட்டை:

ஐயோ, யோசிக்கவில்லை அண்ணா. இன்றைக்கே பார்க்கிறேன்.

(திருத்தம்: கல்லின் மேல் 49 பாகை காட்டியது, முன்பு 41. கல்லை எடுத்துவிட்டுத் தட்டையான ஓடு ஒன்றை மண்ணோடு சமமாக வைத்தேன், விளக்குக்கு டிம்மர் போட்டேன். யூவி அளக்க இங்கே குழு ஒன்றில் சோலார்மீட்டர் 6.5 இரவல் கேட்டிருக்கிறேன்.)

புதுசு_2:

மண் போட்டு எத்தனை நாள் கழித்து விட்டீர்கள்? எனக்கு இரண்டாவது வாரம் எல்லா இடத்திலும் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று பயமாக இருக்கிறது.

மண்புழு:

கொட்டாதீர்கள். புது மரத்திலும் இலையிலும் அது வரும், ஸ்பிரிங்டெயில் பெருகினால் தின்றுவிடும். காற்றோட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், தெளிப்பதைக் குறையுங்கள். நாலு முதல் ஆறு வாரம் வெறுங்கூண்டாக விடுவது நல்லது. பிராணியை அவசரமாக விட்டால் அதன் எச்சம் கூடும், தின்ன ஆட்கள் போதாது.

கிள்ளான்வாசி:

காய்ந்த இலை நிறையப் போடுங்க, அதுதான் அவற்றுக்குச் சாப்பாடும் வீடும். எங்க ஊரில் கெத்தாப்பாங் இலை, ரோட்டோரத்திலேயே கிடைக்கும்.

பொள்ளாச்சிக்காரன்:

கெத்தாப்பாங்கா, அதுதாங்க நம்ம ஊர் நாட்டு வாதாம். பள்ளிக்கூடத்து மைதானம் பூரா அந்த இலைதான். மருந்து அடிக்காத இடமாகப் பார்த்துப் பொறுக்கணும்.

கறுவாப்பட்டை:

இங்கே ஓக் இலை. ஒக்டோபரில் பூங்காவில் இரண்டு சாக்கு அள்ளினேன், கொதிதண்ணீரில் போட்டுக் காயவைத்தேன், அந்த மணம் வீட்டை விட்டுப் போக இரண்டு நாள்.

இப்போது இவன் உள்ளே போய் ஆறு கிழமை. ஈரப்பதம் ஈரப் பக்கத்தில் 60 சதவீதத்துக்கு மேல், காய்ந்த பக்கத்தில் 38, 40 என்று நிற்கிறது, ஹீட்டர் முழுவேகத்தில் ஓடியும். போன செவ்வாய் தோல் உரித்தான், எல்லா விரலும் சுத்தம். கதவுத் தடத்தில் மணல் விழுவதுதான் இன்னும் தீராத தொல்லை, கண்ணாடி கரகரவென்று இழுபடுகிறது. ட்ரே முன்சுவரின் மேல்விளிம்பில் உள்பக்கம் சரிந்த மாதிரி ஒரு பட்டி ஒட்டினால் நிற்குமா? யாராவது செய்து பார்த்தீர்களா?

லண்டன்_ஓணான்:

செய்திருக்கிறேன். 3 செ.மீ. அகலம் போதும், முக்கால்வாசி நிற்கும். மிச்சத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்.

கறுவாப்பட்டை:

நன்றி அண்ணா. சனிக்கிழமை செய்கிறேன். இந்தத் தரம் வாசலை அளந்துவிட்டு.